இரைப்பை சுருங்கிய பிறகு

உடல் பருமனுக்காக மெயின்லேண்டில் அறுவை செய்துகொண்டு தீவுக்குத் திரும்பும் நம்மவர்கள், ‘எல்லாம் முடிஞ்சாச்சு’ என்று நிம்மதி அடைகிறார்கள். வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்கப்படும். ‘பைபாஸ்’ முறையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையே உணவுக்கு மிஞ்சும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று உண்ண வேண்டும். தண்ணீர் அரை மணி கழித்துத்தான். அல்வா, ஜாங்கிரி சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று குடலில் இறங்கிப் படபடப்பு, வியர்வை வரும். பைபாஸ்காரர்களுக்கு இது அதிகம். தினம் 60 கிராம் புரதமாவது தேவை. எனவே சோற்றுக்கு முன் பருப்பு, தயிர், பனீர்.

பி12 வைட்டமின் உடம்பில் சேர, இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருளின் துணை வேண்டும். 1929-இல் இதை விளக்கியவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் காசில். அறுவைக்குப் பின் அத்துணை குறைகிறது. ஆனால் கல்லீரலிலுள்ள பழைய இருப்பு சில வருஷம் தாங்கும். நான் வியாபாரி, கிடங்கில் சரக்கு இருக்கும்வரை கொள்முதல் நின்றது தெரியாது என்பதை அறிவேன். என்னைப் போன்ற தமிழ்ச் சமணர்களுக்கும் மற்ற மரக்கறிக்காரர்களுக்கும் அந்த இருப்பே பெரும்பாலும் குறைவு. கால் மரத்துப்போன பிறகு விழித்தால், நரம்பு முழுதும் சீராகாமலும் போகலாம்.

குறைத்து உண்பதைச் சமணம் ‘ஊனோதரி’ என்று தவத்தில் சேர்க்கும். சத்தைக் குறைப்பது தவமாகாது. மருத்துவர் சொன்ன மாத்திரைகளை ஆயுள் முழுதும் விடாதீர்கள். வருஷம் தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வாந்தி நிற்காவிட்டால் அடுத்த கப்பலுக்குக் காத்திராமல், அன்றே உள்ளூர் மருத்துவரிடம் போங்கள். பி1 குறைந்தால் மூளையே பாதிக்கப்படும்.