டாங்க் என்னும் ஒரு சொல்

ஒரு சொல் பல பொருள் தருதல் எம்மொழிக்கும் இயல்பு. திவாகர நிகண்டு அத்தகைய தமிழ்ச் சொற்களுக்கெனத் தனித்தொகுதியே வகுத்துள்ளது. ஆங்கிலத்திலும் இத்தகைய சொற்கள் பல உள்ளன. அவற்றுள், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் நாள்தோறும் புழங்கும் 'டாங்க்' என்ற சொல்லை இன்று எடுத்துக்கொள்வோம்.

'ஆவடியில் டாங்க் பழுதுபார்க்கப்பட்டது' என்று ஒரு செய்தி வருவதாகக் கொள்வோம். படைக்கலத் தொழிற்சாலையில் பணிபுரிபவர் அதனைப் போர் ஊர்தி என்பார். நீர்வளத்துறை அலுவலர் ஏரி என்பார். இல்லத்தரசியோ மாடியிலுள்ள நீர்த்தொட்டி என்பார். மூவர் கொண்ட பொருளும் பொருந்துவதே. பக்கத்தில் நிற்கும் சொல்லும், பேசுவோர் தொழிலும், பேசும் இடமுமே ஒரு சொல்லின் பொருளை உறுதி செய்கின்றன.

இச்சொல்லின் பயணம் சுவையானது. குசராத்தியிலும் மராத்தியிலும் நீர் தேக்கும் குழிக்கு வழங்கிய பெயரும், போர்த்துகீசியரின் 'தாங்க்கே' என்னும் சொல்லும் சேர்ந்து இஃது ஆங்கிலத்திற் புகுந்ததாக அகராதியாளர் காட்டுவர். நம்மவர் சிலர் 'தாங்கு' என்னும் தமிழ் வினையிலிருந்தே இது பிறந்தது என்பர். ஒலி ஒத்திருப்பது ஒன்றே சான்றாகாது. ஆயினும், ஈழத்தமிழர் நீர்த்தொட்டியைத் 'தண்ணீர்த் தாங்கி' என்று வழங்குவது, வந்த சொல்லைத் தமிழாக்கிக் கொண்ட அழகிய முறையாகும்.

நீரைக் குறித்த சொல் போர்க்கருவியைக் குறித்தது எவ்வாறு? முதல் உலகப் போரின்போது, 1915இல், ஆங்கிலேயர் இரும்புக் கவசமிட்ட புதிய ஊர்தியொன்றை மறைவாகச் செய்தனர். பகைவர் அறியாதிருக்க, அதனை நீர்த்தொட்டி என்று சொல்லி வைத்தனர். 1916 செப்டம்பர் 15ஆம் நாள் பிரான்சு நாட்டின் சோம் போர்க்களத்தில் அது வெளிப்பட்டது. மறைவு நீங்கிற்று, புனைபெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1961இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் 'விஜயந்தா' என்னும் டாங்கி அங்கு உருவாயிற்று. பின்னாளில் 'அர்ஜுன்' டாங்கியை வடிவமைத்த ஆய்வு நிறுவனமும் ஆவடியிலேயே உள்ளது. இந்நாட்டுச் சொல்லின் கலப்போடு கடல் கடந்த பெயர், இரும்புருவம் பெற்று இந்நாட்டுக்கே மீண்டது.

இன்னும் சில பயன்பாடுகளும் உண்டு. வண்டியில் எரிபொருள் நிரப்பும் கலம் பெட்ரோல் டாங்க். அறிஞர் கூடி ஆராயும் குழுவை ஆங்கிலத்தில் சிந்தனை டாங்க் என்பர். வீட்டுக் கழிவு சேரும் தொட்டி செப்டிக் டாங்க். 'டாங்க் சுத்தம் செய்ய ஆள் வேண்டும்' என்று ஒருவர் பொதுப்படச் சொன்னால், எந்த டாங்க் என்று கேட்டறிவது உயிர் காக்கும் செயலாகும். நச்சுவாயு தேங்கும் கழிவுத்தொட்டியினுள் தக்க பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இனி, இச்சொல்லால் நாம் இழந்த ஒன்றைக் கருதுவோம். வெள்ளையர் ஆட்சியில் எழுதப்பட்ட ஏடுகள் நம் நீர்நிலைகள் யாவற்றையும் 'டாங்க்' என்றே குறித்தன. நம் முன்னோரோ பாசனத்துக்கு உரியதை ஏரி என்றனர். நீராடுதற்கு உரியதைக் குளம் என்றனர். ஊரார் உண்ணும் நீர் தருவதை ஊருணி என்றனர். சிறிய ஏரியைத் தாங்கல் என்றனர். பூவிருந்தவல்லிச் சாலையிலுள்ள ஐயப்பன்தாங்கல் என்னும் ஊர் இச்சொல்லை இன்றும் தன் பெயரில் தாங்கி நிற்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. தொட்டி என்றால், எவ்வளவு கொள்ளும் என்று மட்டுமே கேட்கத் தோன்றும். ஏரி என்றால், நீர் எவ்வழி வருகிறது, மிகுநீர் எவ்வழி போகிறது என்றும் கேட்க வேண்டும். கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஏரி. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் இரட்டை ஏரிக்கும் நீர் செல்லும் வகையில் அமைந்தது நம் ஏரித்தொடர். இடையிலுள்ள கால்வாயைத் தூர்த்துவிட்டால், மூன்றும் பெயரளவில் ஏரிகளாக நிற்கும்.

செம்பரம்பாக்கம் ஏரி 364.5 கோடி கன அடி நீர் கொள்ளும். 2015 டிசம்பரில் அது திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை வெள்ளத்தில் மூழ்கிற்று. 2019 கோடையில் அதே ஏரி வறண்டது. அவ்வாண்டு ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ஐம்பது பெட்டிகள் கொண்ட இரயிலில் தண்ணீர் கொண்டுவந்தனர். டாங்குகளில் வந்த அந்த நீர், ஆவடி, அம்பத்தூர் நிலையங்களைக் கடந்தே சென்றது.

பிறமொழிச் சொல்லை வெறுக்க வேண்டுவதில்லை. மாடித்தொட்டியை டாங்க் என்று சொல்வதால் கேடொன்றும் வாராது. ஆனால் நேயர்களே, உங்கள் ஊர் நீர்நிலையை அதன் சொந்தப் பெயராலேயே அழையுங்கள். பிள்ளைகளை ஒருநாள் அதன் கரைக்கு அழைத்துச் சென்று, மதகு எது, கலங்கல் எது, வரத்துக்கால் எங்கே என்று காட்டுங்கள். பெயரும் பயனும் அறிந்த பிள்ளை, அக்கால்வாயில் குப்பை விழக் கண்டால் ஏன் என்று கேட்கும்.