கடலூரிலிருந்து சீரங்கப்பட்டணம் சென்ற கைதிகள்

சீரங்கப்பட்டணக் கோட்டையில், காவிரியை ஒட்டி, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தாழ்ந்த வளைகூரைச் சிறை ஒன்று உள்ளது. சுவர்களில் பதிந்துள்ள கற்பலகைகள் கைதிகளைச் சங்கிலியால் பிணைப்பதற்கானவை என்பர். தொல்லியல் துறை பாதுகாக்கும் இச்சிறை, 1780 செப்டம்பரில் பொள்ளிலூர்ப் போரில் ஹைதர் அலியிடம் பிடிபட்டு, 1782இல் சீரங்கப்பட்டணத்தில் இறந்த கர்னல் பெய்லியின் பெயரால் வழங்குகிறது.

அந்நகருக்கு வந்த கைதிகள் அனைவரும் ஹைதரால் பிடிக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதை நாம் இங்கே நினைவுகூர வேண்டும். 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர், மைசூர்ப் படையின் துணையோடு, கடலூரைக் கைப்பற்றினர். கடற்போர்களில் பிடித்த ஆங்கில மாலுமிகளைப் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் அவ்வாண்டே ஹைதரிடம் ஒப்படைத்தார். கிறித்தவ வல்லரசு ஒன்றின் கைமாற்றம் இது! கடலூரிலிருந்து அவர்கள் முதலில் சிதம்பரத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அன்று சிதம்பரம் கோயில் மதில்களே கோட்டையாயிருந்தன. 1781 ஜூனில் ஆங்கிலத் தளபதி கூட் அதைத் தாக்கித் தோற்றுத் திரும்பியிருந்தார்.

அவ்வாறு சென்றவர்களுள் ஜேம்ஸ் ஸ்கர்ரி என்னும் இளைஞரின் சிறைக்குறிப்புகள் 1824இல் நூலாயின. அது ஆங்கிலேயர் தரப்பு நூல்தான். ஹைதர், திப்பு மீது அவர்கள் சுமத்திய பழிகள் அனைத்தையும் நாம் ஏற்பதில்லை. ஆயினும் கைதிகளான இளைஞர்களுக்கு வலிந்து கத்னா செய்வித்ததை மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்த நமக்கு வழியில்லை. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கைப்படி கைதிகள் பலர் விடுதலை பெற்றனர், ஸ்கர்ரி விடப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் தப்பித்தான் வந்தார்.