மதிலில்லாத ஊரின் வீடு

பழவேற்காட்டில் ஒரு மீனவர் வீட்டில் ஜெபக் கூட்டம். வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரம் வாசித்தார்கள். பொன் வீதியும் பன்னிரண்டு வாசல்களும் கொண்ட புதிய எருசலேம் இறங்கி வருகிறது. அங்கே சமுத்திரம் இல்லை. பிரசங்கம் முடிந்ததும் ஓர் அம்மா கேட்டார்: "கடலே இல்லாத ஊர்ல எங்களுக்கு வீடு எதுக்குங்க ஐயரே?" சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டையும் நகரத்தையும் கிறிஸ்தவம் எப்படி யோசித்திருக்கிறது என்ற கேள்வியை அவர் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

நகரம் பற்றிய கிறிஸ்தவச் சொல்லாடல் இரண்டு முனைகளுக்கிடையே ஊசலாடுவது. ஆதியாகமத்தில் முதல் நகரத்தைக் கட்டுபவன் தம்பியைக் கொன்ற காயீன். அங்கிருந்து தொடங்கிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழாக் எல்லுல், நகரத்தைக் கடவுளிடமிருந்து விலகிய மனிதனின் அரணாகக் கண்டார். அமெரிக்க இறையியலாளர் ஹார்வி காக்ஸோ 1965இல் எழுதிய நூலில் மதச்சார்பற்ற நகர வாழ்வை விடுதலையாகவே வரவேற்றார். இருவருக்கும் நகரம்தான் விஷயம். குப்பம் கண்ணில் படவில்லை.

குப்பத்துக்குப் பொருந்தும் பிரதி லேவியராகமம் 25இல் இருக்கிறது. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றால் ஓராண்டுக்குள் மீட்கலாம். தவறினால் வாங்கியவனுக்கே நிரந்தரம். மதிலில்லாத ஊரின் வீடு அப்படியல்ல. அது வயலோடு சேர்த்து எண்ணப்படுகிறது; யூபிலி ஆண்டில் திரும்பி வந்துவிடும். அங்கே வீட்டை இழப்பவன் பிழைப்பையும் இழக்கிறான் என்பதே இதன் பின்னுள்ள நியாயம் என்று எனக்குப் படுகிறது.

பழவேற்காட்டில் இவ்விரண்டையும் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். 1613இல் ஒல்லாந்தர் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மண்டிய இடிபாடு. மதிலில்லாத குப்பங்கள் இருக்கின்றன. இங்கே வயலின் இடத்தில் ஏரி. ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்று முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். ஊரில் தலைக்கட்டாக இருப்பவனுக்கே பாடு உரிமை. சாதிக்கும் ஆணுக்கும் கட்டுப்பட்ட ஏற்பாடுதான். அதைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் வீடு என்பது வெறும் நாலு சுவர் இல்லை என்பதற்கு அது சாட்சி.

2004 சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் குடியிருந்தவர்கள் அப்பால் போகச் சம்மதித்தால் சுமார் 1.5 லட்ச ரூபாய் மதிப்பில் இலவச வீடு. பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். போக மறுத்தால் சேதமான வீட்டைத் தாங்களே சரிபண்ணிக்கொள்ள வேண்டியதுதான். தமிழகக் கரையெங்கும் வீடு கட்டிக்கொடுத்த நிறுவனங்களில் திருச்சபை சார்ந்தவையும் இருந்தன. அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. கான்கிரீட் கூரை யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் அந்த ஆணை மதில் நகரத்தின் கணக்கைக் குப்பத்தின் மேல் வைத்தது: மனை கைமாறினால் மாறியதுதான், மீட்பு கிடையாது.

சரி, அந்தச் சமுத்திரம்? பத்மு தீவிலிருந்து எழுதிய யோவானுக்கு அது மிருகம் எழுந்துவரும் இடம். ரோமாபுரியின் சரக்குக் கப்பல்கள் போகும் வழி. 18ஆம் அதிகாரத்தின் சரக்குப் பட்டியல் மனித உயிர்களில் போய் முடிகிறது. பழவேற்காட்டிலிருந்தும் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் துணியோடு அடிமைகளையும் ஏற்றிப்போனார்கள். ஒழியப்போவது பேரரசின் சமுத்திரம் என்றே நான் வாசிக்கிறேன். உயிர்த்த இயேசு கரியடுப்பில் மீன் வைத்துச் சீடர்களுக்காகக் காத்திருந்த கரை வேறு. அதுவும் ஓர் ஏரிக்கரைதான்.

இதை அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். "அதெல்லாம் சரிங்க, மனை யார் பேர்ல?" என்று அவர் கேட்பார். அதற்கும் பதில் வைத்திருப்பதுதான் இறையியல்.