மென்பொருளுக்கும் ஒரு மரை அளவு

மிதிவண்டியில் ஒரு நட் கழன்று விழுந்துவிட்டால் என்ன செய்கிறோம்? கடையில் அதே அளவுள்ள வேறொன்றை வாங்கி முடுக்குகிறோம். பொருந்துமோ, பொருந்தாதோ என்ற ஐயம் எழுவதில்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நிலைமை வேறு. ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட் மற்றொன்றின் போல்ட்டில் ஏறாது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர், மரையின் கோணம் 55 பாகை, இன்ன விட்டத்துக்கு ஓர் அங்குலத்தில் இத்தனை மரைகள் என்று ஒரு பொது அளவை முன்மொழிந்தார். குழப்பம் படிப்படியாகத் தீர்ந்தது.

மென்பொருள் எழுதுவோருக்கும் இதே சிக்கல் உண்டு. ஒரு பெரிய நிறுவனத்தில் பல குழுக்கள் தனித்தனியே வேலை செய்கின்றன. ‘அனுப்புக’ என்னும் பொத்தானை ஒரு குழு பச்சையில் வைக்கும். மற்றொன்று நீலத்தில் வைக்கும். பயன்படுத்துவோர் ஒவ்வொரு பக்கத்தையும் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது. எனவே பொத்தான், எழுத்தளவு, வண்ணம், பிழைச் செய்தி முதலியவற்றை ஒருமுறை செவ்வையாக அமைத்து, எல்லாக் குழுக்களும் எடுத்தாளும்படி வைக்கிறார்கள். இத்தொகுப்பே ‘டிசைன் சிஸ்டம்’, அதாவது வடிவமைப்பு முறைமை எனப்படும்.

நல்ல முறைமையின் இயல்புகள் யாவை? ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கொண்டு காண்போம்.

பிரிட்டிஷ் அரசின் இணையச் சேவைகளுக்கான முறைமை 2018-இல் வெளியிடப்பட்டது. கை நடுக்கம் உள்ளோர் பலர் சுட்டெலியை விட்டு, விசைப்பலகையால் பொத்தானுக்குப் பொத்தான் நகர்வர். தாம் நிற்கும் இடத்தை அவர்களுக்குக் காட்ட மஞ்சள் சாயலில் ஒரு கோடு தோன்றும். வெள்ளைப் பின்னணியில் அது எடுப்பாகத் தெரியுமா? திரையில் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்த ஒளி. நம் கண்ணோ பச்சையை மிகுதியாக உணர்வது. ஆகவே தூய மஞ்சளின் ஒளிர்வு, வெள்ளையின் ஒளிர்வில் நூற்றுக்கு ஏறத்தாழ 93 பங்கு! இத்தகைய அடையாளங்களுக்குக் குறைந்தது 3-க்கு 1 என்ற ஒளிர்வு விகிதம் வேண்டும் என்று 2018-இல் வந்த பன்னாட்டு நெறிகள் கூறின. பழைய கோடு அதனை எட்டவில்லை. 2019-இல் மஞ்சளுடன் தடித்த கருங்கோடும் சேர்க்கப்பட்டது.

இதிலிருந்து அறிவன நான்கு. ஒன்று, ஒரு பொருளுக்கு வரையறை ஓரிடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். அங்கே திருத்தினால், புதிய பதிப்பை ஏற்கும் குழுக்கள் அனைத்துக்கும் திருத்தம் சென்று சேரும். இரண்டு, பெயர் பயனைக் குறிக்க வேண்டும். ‘மஞ்சள்’ என்று பெயரிட்டால், நாளை வண்ணம் மாறும்போது பெயர் பொய்யாகும். ‘நிற்குமிட வண்ணம்’ என்றால் மாறாது. மூன்று, அழகைக் கண்ணால் மதித்தால் போதாது. அளந்தும், உடற்குறை உள்ளோரைக் கொண்டு சோதித்தும் பார்க்க வேண்டும். நான்கு, விதியோடு அதன் காரணமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். குறை கண்ட எவரும் அதனை எடுத்துரைக்க வழி வேண்டும்.

விதி மாறினால் அது எப்படி விதியாகும் என்று கேட்கலாம். விட்வொர்த்தின் 55 பாகையும் நிலைக்கவில்லை; இன்றைய பன்னாட்டு மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. வெட்டிய இரும்பை மாற்றுவது கடினம். மென்பொருளை மாற்றுவது அதைவிட எளிது. மாற்றாமல் விட்டால், தாம் நிற்கும் இடம் தெரியாமல் விண்ணப்பத்தைப் பாதியில் கைவிடுபவர் ஒருவர் எங்கோ இருப்பார். அவரை நினைப்பதே நல்ல முறைமையின் முதல் இயல்பு அல்லவா?