கல்லை மணலாக்கும் ஆலை

கிரஷரில் ஜல்லி உடைக்கும்போது சல்லடைக்கு அடியில் தூள் கொட்டும். அதைத்தான் எம்-சாண்ட் என்று விற்கிறார்கள் என்ற எண்ணம் வீடு கட்டுவோர் பலருக்கு இன்னமும் உண்டு. அந்தத் தூள் ஜல்லியின் மிச்சம். எம்-சாண்டோ, மணலாகவே வரவேண்டும் என்று தனி இயந்திரம் வைத்துச் செய்யப்படுவது.

ஆலைக்கு இடம் பார்க்கும்போது சரிவான நிலம் கிடைத்தால் நல்லது. மேட்டில் நிற்கும் டிப்பர் லாரி, குவாரிக் கல்லை நேராக ஹாப்பரில் கொட்டிவிடலாம். அங்கிருந்து கல் ஜா கிரஷருக்குப் போகிறது. அசையாத தாடை ஒன்று, முன்னும் பின்னும் அசையும் தாடை ஒன்று; இரண்டுக்கும் நடுவே பாறை நெரிபடும். அமெரிக்காவின் நியூ ஹேவனில் சாலைப் பணியை மேற்பார்வையிட்ட எலி விட்னி பிளேக், கையால் கல் உடைக்கும் பாட்டைப் பார்த்து உருவாக்கிய இயந்திரம் இது. 1858-இல் காப்புரிமை பெற்றார். அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான்.

அடுத்தது, கல்லை இன்னும் சிறிதாக நொறுக்கும் கோன் கிரஷர். இதற்கு முன்னால் கன்வேயரின் மேல் ஒரு காந்தம் தொங்கவேண்டும். பொக்லைன் பக்கெட்டிலிருந்து கழன்ற இரும்புப் பல் ஒன்று கல்லோடு கல்லாக உள்ளே போய்விட்டால், இயந்திரம் பழுதாகி ஆலையே நின்றுபோகும்.

இதுவரை கிடைத்தது ஜல்லிதான். அதை மணலாக்குவது வி.எஸ்.ஐ. என்ற இயந்திரம். செங்குத்துத் தண்டில் அதிவேகமாகச் சுழலும் ரோட்டார், நடுவில் விழும் ஜல்லியைச் சுற்றிலும் வீசியடிக்கிறது. அறையின் சுவரோரம் ஏற்கெனவே கல் படிந்து கிடக்கும். வீசப்பட்ட கல் அதில் மோதி உடைகிறது. கல்லே கல்லை உடைக்கும் இந்த முறையை உலகெங்கும் பரப்பியவை நியூசிலாந்தில் பிறந்த பார்மாக் இயந்திரங்கள். மோதி உராயும்போது கூர்முனைகள் ஒடிந்து, துகள் கனசதுரம் போலத் திரட்சியாகிறது. தாடையில் நெரிந்து வரும் தூளிலோ தட்டையும் நீளமுமான சில்லுகள் அதிகம். அவற்றைக் கலவையில் போட்டால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் வலு குறையும். எம்-சாண்டுக்குக் கொடுக்கும் விலை அந்தக் கனசதுர வடிவத்துக்குத்தான்.

பிறகு சல்லடை. 4.75 மில்லிமீட்டர் கண்ணில் இறங்காதது மீண்டும் வி.எஸ்.ஐ.க்கே திரும்பும். இறங்கியதைக் கழுவவேண்டும். 75 மைக்ரானுக்கும் நுண்ணிய பொடி, நொறுக்கிய மணலில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 383 தரநிலை. கழுவும்போதும் கவனம் வேண்டும்: அந்தப் பொடியோடு 300 மைக்ரான் அளவிலுள்ள நல்ல மணலும் அடித்துக்கொண்டு போனால், மிஞ்சுவது சொரசொரப்பான மணல், கான்கிரீட்டை மட்டம் தட்டிப் பூசும் கொத்தனார்தான் திண்டாடுவார். கழுவிய சேற்றுநீரைத் தொட்டியில் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்தாத ஆலைக்குக் கோடையில் தண்ணீர் கட்டுப்படியாகாது.

ஆலை போடுவோர் செலவுக் கணக்கில் கடைசியில் எழுதி, முதலில் வெட்டுவது தூசித் தடுப்பைத்தான். இது பெரிய தவறு. பாறைத்தூளில் கலந்துள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் வரும் சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்தில்லை. சல்லடையையும் கன்வேயரையும் தகரத்தால் மூடுவது, கல் விழும் இடங்களில் நீர் தெளிப்பது, காற்றுத் தடுப்புச் சுவர், ஓரங்களில் அடர்ந்த மரவரிசை ஆகிய எல்லாம் முதல் நாள் வரைபடத்திலேயே இருக்கவேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்கும் இவை தேவை. சல்லடையடியில் நாள் முழுக்க நிற்கும் தொழிலாளிக்கு அதைவிடத் தேவை.