அம்பாசிடர்: கம்பெனி நின்ற பிறகும் கார் ஓடுவது எப்படி?

முன் சீட்டில் மூன்று பேர், பின் சீட்டில் நான்கு பேர், மடிக்கு ஒரு குழந்தை, டிக்கியில் புளிசாதத் தூக்கு. 1980-களில் ஒரு குடும்பம் பழனிக்கோ திருப்பதிக்கோ கிளம்பினால், அம்பாசிடர் காரின் கணக்கு இப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகும், “இன்னும் ஒருத்தர் வரலாம், கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று ஒரு குரல் கேட்கும்.

அந்தக் காரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 2014 மே 24 அன்று மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் வேலையை நிறுத்தியது. அதன்பிறகு அங்கிருந்து புது அம்பாசிடர் வெளிவரவில்லை. ஆனாலும் பல வீட்டு ஷெட்களில் அது இன்னும் நிற்கிறது. “வித்துடலாம்ப்பா, இடத்த அடைச்சிக்கிட்டு நிக்குது” என்று மகன் சொல்வதும், “இருந்துட்டுப் போகட்டும்டா” என்று அப்பா மழுப்புவதும் அந்த வீடுகளில் வழக்கமான பேச்சு.

அப்படி என்ன பாசம்? தயாரித்த கம்பெனியே நின்ற பிறகும் கார் எப்படி ஓடுகிறது?

எங்கிருந்து வந்தது?

பிர்லா குழுமத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு கொல்கத்தா அருகே உள்ள உத்தர்பாராவுக்கு மாறியது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாக வைத்து, 1950-களின் இறுதியில் அம்பாசிடரைக் கொண்டுவந்தது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர்கள் மாறின. கிரில் மாறியது, டேஷ்போர்டு மாறியது. அந்த உருண்டை உடம்பு மட்டும் பெரிதாக மாறவே இல்லை.

அன்றைக்குக் கார் வாங்க நினைத்தவருக்கு இருந்த வாய்ப்புகள் ஏறக்குறைய மூன்றுதான். அம்பாசிடர், பம்பாயில் தயாரான ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட். முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கார் வீட்டுக்கு வரும் நாள் தெருவுக்கே விசேஷம்.

ஏன் இவ்வளவு பாசம்?

ஓட்டுவதற்குச் சொகுசான கார் என்று அதை ஓட்டியவர்களே சொல்ல மாட்டார்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய மாடலை நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை வலிக்கும். கியர் தண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கும். ஹெட்லைட்டை டிம் செய்யும் பட்டன் காலடியில். ஊட்டி, கொடைக்கானல் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தால், வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து ஆறவிட்டு, தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த இடைவெளியில்தான் புளிசாதத் தூக்கு திறக்கும்.

ஆனால், வழியில் நின்றாலும் கிளப்பிவிடலாம் என்ற தைரியம் இருந்தது. பானெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கைவிட இடம் இருக்கும். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்பார்க் பிளக், ஃபேன் பெல்ட் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பாயின்ட் கரிந்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து, ஒரு தள்ளு தள்ளினால் வண்டி கிளம்பிவிடும். அப்பா ஸ்பேனரோடு குனிந்திருக்க, பக்கத்தில் டார்ச் பிடித்த பிள்ளைகளுக்கு எஞ்சின் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்த முதல் வாத்தியார் இந்தக் கார்தான்.

மரியாதையும் அதில் ஒட்டியிருந்தது. அமைச்சர், கலெக்டர் என எல்லோரும் அதே வெள்ளை அம்பாசிடரில்தான் வந்தார்கள். ஊரில் வாடகைக்கு ஓடியதும் அதே வண்டிதான்.

அப்புறம் ஏன் தோற்றது?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சின்ன வண்டி, நல்ல மைலேஜ், ஓட்டுவது சுலபம். வீட்டுக்குக் கார் வாங்குபவர்கள் அந்தப் பக்கம் போகத் தொடங்கினார்கள். அரசு ஆர்டர்களும் டாக்சிகளும்தான் அம்பாசிடரைத் தாங்கின.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. 1990-களில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தியது. 1998-ல் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் கார்களைத் தயாரித்தது. ஆனால் அம்பாசிடரின் இடத்தை நிரப்ப, சொந்தமாக ஒரு புதிய காரை உருவாக்கி நிலைநிறுத்த முடியவில்லை.

2001 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு பிரதமரின் பயணம் குண்டு துளைக்காத பிஎம்டபிள்யூவுக்கு மாறியது. 2010-ல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு பிஎஸ்-4 புகை விதி வந்தது. டாக்சிகளாக ஓடிய டீசல் அம்பாசிடர் அதற்குப் பொருந்தவில்லை. விதிக்கு ஏற்ற எஞ்சினோடு 2013-ல் அது திரும்பி வருவதற்குள், டாக்சி உரிமையாளர்களில் பலர் வேறு வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். பிபிசியின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சி உலகின் சிறந்த டாக்சியாக அம்பாசிடரைத் தேர்ந்தெடுத்ததும் அதே ஆண்டுதான்.

1980-களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 24,000 ஆக இருந்த விற்பனை, 2013–14-ல் சுமார் 2,200 ஆகச் சுருங்கியது. உத்தர்பாராவில் வேலை நின்றபோது 2,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பிழைப்பு கேள்விக்குறியானது. 2017-ல் ‘அம்பாசிடர்’ என்ற பெயர் 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ நிறுவனத்துக்குக் கைமாறியது.

பல ஆண்டுகளாக மாறாமல் இருந்ததால்தான் ஊர்தோறும் மெக்கானிக்குகளுக்கு அந்தக் கார் அத்துப்படியானது. வாங்குபவர்கள் அதை விட்டு விலகியதற்கும் காரணம் அதுவே.

கம்பெனி போனபிறகு உதிரிபாகம்?

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகள்தான் முதல் கதி. ஒரு மாடலின் பாகம் பல நேரங்களில் அடுத்த மாடலுக்கும் பொருந்தும். கிடைக்காத சில பாகங்களை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். பெரும்பாலும் இரும்பும் ரப்பரும்தான் என்பதால், வேலை தெரிந்த கை இருந்தால் போதும்.

இன்றைய காருக்கு இது அப்படியே பொருந்தாது. எஞ்சின், ஏர்பேக், பிரேக் எல்லாவற்றின் பின்னாலும் ஒரு எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அதன் மென்பொருள் கம்பெனியின் கையில் இருக்கிறது. ஷெவர்லே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. இரண்டுமே சர்வீஸ் தொடரும் என்று அறிவித்தன. தாய் நிறுவனங்கள் வெளிநாட்டில் இயங்குகின்றன. தாய் நிறுவனமே இல்லாமல் போனால், ஸ்பேனர் மட்டும் வைத்துக்கொண்டு சமாளிப்பது கடினம். செகண்ட் ஹேண்ட் கார் பார்ப்பவர்கள் விலையோடு இதையும் விசாரிப்பது நல்லது.

வீட்டில் அம்பாசிடர் இருந்தால்?

15 ஆண்டு தாண்டிய சொந்தக் காருக்கு, தகுதிச் சோதனை முடித்து 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசு விதிப்படி இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக உயர்ந்தது. பசுமை வரி தனி. 50 ஆண்டு தாண்டிய கார் என்றால், 2021 விதிகளின்படி ‘வின்டேஜ்’ பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தப் பதிவோடு தினசரி ஓட்ட முடியாது.

பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. ஏர்பேக் இல்லை, பழைய மாடல்களில் சீட் பெல்ட்டும் இல்லை. மடியில் குழந்தையோடு முன் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து போனது நினைவாகவே இருக்கட்டும்.

வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் வாரம் ஒருமுறையாவது ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். விற்பது என்றால், எடைக்குப் போடும் முன் பழைய கார் பிரியர்களிடம் விலை கேட்டுப் பார்க்கலாம். எதுவானாலும் முதலில் அப்பாவை ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்க. டார்ச் பிடித்த கதையெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.