ஆடியிலும் ஓயாத கேமரா, வந்து சேராத பேலன்ஸ்

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் காற்று வாங்கும். மயிலாடுதுறை போட்டோகிராபர்கள் மட்டும் விடியுமுன்னே லைட் ஸ்டாண்டை பைக்கில் கட்டிக்கொண்டு திருக்கடையூருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே நடக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் முகூர்த்த மாதம் தேவையில்லை. பிறந்த மாதமும் நட்சத்திரமும் கூடினால் போதும். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் ஒன்றுகூடும் நாள் அது. பேரன் பேத்திகளோடு ஒரு குரூப் போட்டோ இல்லாமல் யார் ஊர் திரும்புவார்கள்?

போட்டோ தொழில் செத்துவிட்டது என்பவர்களிடம் ஒன்று சொல்லலாம்: செத்தது பாஸ்போர்ட் சைஸ் வியாபாரம். ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அந்தந்த மையத்திலேயே படம் பிடித்துவிடுகிறார்கள். கடை வாடகையைக் கட்டிய வருமானம் அது. மற்றபடி ஆள் தேவை கூடித்தான் இருக்கிறது. ஒருவர் போன கல்யாணத்துக்கு இன்று ட்ரெடிஷனல், கேண்டிட், வீடியோ, ட்ரோன் என்று நாலு பேர் போகிறார்கள். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையிலும் பூம்புகார் கடற்கரையிலும் அவுட்டோர் ஷூட் நடக்கிறது. கால் கிலோவுக்கு மேற்பட்ட ட்ரோனைக் கூலிக்குப் பறக்கவிட 2021 விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டும். புதிதாக வருபவர்கள் அதை முதலில் வாங்கிக்கொள்வது நல்லது. செல்போனும் ஏஐயும் தொழிலை விழுங்கிவிடும் என்கிறார்கள். விழுங்கலாம், ஆனால் தாலி கட்டும் நிமிஷத்துக்கு ரீடேக் கிடையாது.

என் கவலை பேலன்ஸ் பற்றியது. அட்வான்ஸ் கொஞ்சம், விழாவன்று கொஞ்சம், மீதி ஆல்பம் கொடுக்கும்போது என்பது வழக்கம். எந்தெந்தப் படம் வேண்டும் என்று வீட்டார் செலக்‌ஷன் கொடுத்தால்தான் ஆல்பம். ஃபிலிம் காலத்தில் படம் ஸ்டுடியோவில் இருந்தது. பார்க்கவேண்டுமானால் பணத்தோடு வரவேண்டும். இப்போது மொத்தப் படமும் பென்டிரைவில் போய்விடுகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வைத்தாயிற்று. அப்புறம் செலக்‌ஷன் யாருக்கு ஞாபகம்? "மாப்பிள்ளை துபாயிலேர்ந்து வரட்டும் தம்பி", "நெல்லு போட்ட காசு வரட்டும் தம்பி." சீமந்தம் வரும், பிள்ளைக்குக் காதுகுத்தும் வரும்; கல்யாண ஆல்பம் வராது. கேமரா கடனுக்கோ மாதாமாதம் தவணை. கூட வந்த பையனுக்கு அன்றைக்கே சம்பளம். அழிக்கவும் முடியாத படங்கள் ஹார்ட் டிஸ்க்கை அடைத்துக்கொண்டு கிடக்கும். வேலையில்லாமல் கடையைச் சாத்துவதைவிட, முடித்த வேலைக்குப் பணம் வராமல் சாத்துவது கொடுமை.

தொழிலுக்கு வரும் இளைஞர்களே, முக்கால் பங்கு பணம் கைக்கு வராமல் பென்டிரைவைக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணம் முடிந்து ஆறு மாதமாகியும் செலக்‌ஷன் பாக்கி என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிடுங்கள், பேலன்ஸோடு.